பதினான்கு பைசா

உவர்நிலக் கணக்கு – 11

மரக்காணத்து அளங்களில் வாரிய உப்புக்கு நாற்பது கிலோவுக்குப் பதினான்கு பைசா என்பது மத்திய அரசு விதித்திருந்த செஸ். டன்னுக்கு மூன்றரை ரூபாய். 1953இல் இயற்றிய உப்புச் செஸ் சட்டம்தான் அதற்கு ஆதாரம். வெள்ளைக்காரர்கள் போட்ட உப்பு வரி 1947 ஏப்ரல் முதல் தேதியோடு ஒழிந்த பிறகு, உப்பிலிருந்து எடுப்பதை உப்புத் தொழிலுக்கே திருப்பிக் கொடுப்பது என்ற கணக்கில் வந்த சட்டம் அது. உப்புத் துறையை நடத்தும் செலவு, ஆராய்ச்சி நிலையங்கள், மாதிரி அளங்கள், தர நிர்ணயம், உற்பத்தியாளர் கூட்டுறவு இவற்றோடு, உப்புத் தொழிலாளர் நலனுக்கும் அந்தப் பணத்தைச் செலவிடலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. 2016 பிப்ரவரி 29 அன்று பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி, ஆண்டு வசூல் 50 கோடி ரூபாய்க்குக் குறைவாக உள்ள 13 செஸ்களை நீக்குவதாக அறிவித்தார். அந்த ஆண்டின் நிதிச் சட்டத்தோடு உப்புச் செஸ் கணக்கு முடிந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கம், இரும்புத் தாதுச் சுரங்கம், சினிமா ஆகிய துறைகளின் தொழிலாளர் நலனுக்கென்று இருந்த செஸ்களும் அதே வரிசையில் போயின.

வசூல் அற்பம், வசூலிக்கும் வேலை அதிகம் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அற்பமாக ஆனது எப்படி என்று பார்க்க வேண்டும். 1953இல் மணங்குக்கு இரண்டு அணா என்று வைத்தார்கள். பிறகு அளவையும் நாணயமும் மெட்ரிக்குக்கு மாறியபோது அது நாற்பது கிலோவுக்குப் பதினான்கு பைசா ஆயிற்று. போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகைதான். அறுபது ஆண்டுக்கு மேல் நாட்டில் எல்லா விலையும் ஏறியது, இந்த வீதம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. நாட்டின் உற்பத்தி ஆண்டுக்கு மூன்று கோடி டன் என்று தாராளமாக வைத்து, ஒரு டன் விடாமல் வசூலித்தால்கூடப் பத்தரைக் கோடி ரூபாய்தான் தேறும். செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டு, வாடிவிட்டது என்று சொல்லிப் பிடுங்கியது போன்ற காரியம் இது. கிலோவுக்குப் பத்துப் பைசா என்று வீதத்தைத் திருத்தியிருந்தால் அதே மூன்று கோடி டன்னில் 300 கோடி வந்திருக்கும். ஒரு வீட்டு உப்புப் பாக்கெட்டில் அந்தப் பத்துப் பைசாவை யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள்.

நலத்திட்ட நிதிக் குறைப்பு என்றதும் நிதியமைச்சர் சிவப்பு மையால் ஒரு வரியை அடிக்கும் காட்சிதான் மனத்தில் எழும். அது அபூர்வம். பெரும்பாலும் தொகையை உயர்த்தாமல் விட்டுவிட்டாலே போதும், விலைவாசி மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு மேலாக அதே 200. தமிழ்நாடு 2023இல் ஓய்வூதியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தியபோதும் அதில் டெல்லியின் பங்கு ஏறவில்லை. அங்கன்வாடி ஊழியர் மதிப்பூதியத்தை மத்திய அரசு 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கியது 2018இல். இந்தத் தொகைகளை யாரும் வெட்டவில்லை என்று சொல்லலாம், சொல்கிறார்கள். வாங்கும் சக்தியை வைத்து அளந்தால் ஒவ்வோர் ஆண்டும் வெட்டு விழுந்துகொண்டே இருக்கிறது.

மரக்காணத்துக்கு இது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்றால், இங்கே ஆண்டில் ஒரு பகுதி நிச்சயமான வருமான வறட்சிக் காலம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் ஏறக்குறைய 3,500 ஏக்கர் அளமும் மூழ்கிப்போகும். மழை ஓய்ந்து, சேறு வாரி, வரப்பு கட்டி, பாத்தி மிதித்து, உவர்நீர் பாய்ச்சி முதல் உப்பைப் பார்க்கப் பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். அதுவரை கூலி இல்லை. அந்த இடைவெளியை அடைப்பது முன்பணமும் கடனும்தான். இதை முதன்முறையாக அரசு கணக்கில் எடுத்துக்கொண்டது சமீபத்தில். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் என்று 2021இல் சட்டப்பேரவையில் அறிவித்து, 2022இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். நாளுக்கு 54 ரூபாய் சொச்சம். நல்ல தொடக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2022-23இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி 281 ரூபாய். அந்தக் கணக்கில் 5,000 என்பது கிட்டத்தட்ட 18 நாள் கூலி. 2025-26இல் அதே கூலி 336. தொகை 5,000 ஆகவே நின்றால் அது 15 நாள் கூலிக்கும் குறைவு. உத்தரவு எதுவும் போடாமலே மூன்று நாள் கூலி கழிந்துவிடுகிறது. இதே கரையில் மீனவருக்கான தடைக்கால நிவாரணத்தை 5,000இலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். மீனவர் வாங்குவது அதிகம் என்று சொல்ல வரவில்லை. மீனவருக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, பஞ்சாயத்து இருக்கிறது, மாநாட்டுக்கு முதல்வர் வருகிறார். உப்பளத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அவை இல்லை.

அப்படியானால் தொகை சிறிதா பெரிதா என்பது ஒரு திட்டத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. பின்னால் கேட்பதற்கு உரிமையுள்ள ஆள் இருக்கிறாரா என்பதுதான் தீர்மானிக்கிறது. உப்புச் செஸ்ஸுக்குச் சட்டம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. பணத்தை வசூலிக்க வழிசெய்த சட்டம் அது. அந்தப் பணத்தில் எனக்கு இவ்வளவு வர வேண்டும் என்று ஓர் உப்பளத் தொழிலாளி நிமிர்ந்து கேட்க அதில் ஒரு பிரிவும் இல்லை. ஆகவே செஸ் போனபோது பறிபோனது யாருடைய பங்கு என்று சொல்லக்கூட முடியவில்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மரக்காணத்தை ஒட்டி வரும் பக்கிங்காம் கால்வாயின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போகலாம். கால்வாயின் பல பகுதிகள் முன்பே வெட்டப்பட்டவை. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த துண்டு, 1877-78இல் தாது வருடப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பெயரும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. 1877 தொடக்கத்தில் பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த இந்திய அரசு ரிச்சர்டு டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பியது. இதே டெம்பிள் 1873-74இல் பீகார் பஞ்சத்தின்போது அரிசியை இறக்குமதி செய்து தாராளமாகக் கொடுத்தவர். சாவு மிகக் குறைவாக இருந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, பணத்தை வீணடித்தார் என்ற கண்டனம். சென்னையில் அந்தப் பெயரைத் துடைக்க நினைத்தார் போலும். நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மண் சுமப்பவன் அந்த உணவில் உயிர்வாழ முடியாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். முகாம்களில் சாவு கூடிய பிறகுதான் சென்னை அரசு அந்த அளவை ஓரளவு உயர்த்தியது. சிக்கனம் யாருடைய தட்டில் தொடங்குகிறது என்பதற்கு நம் மண்ணிலேயே இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பஞ்சம் முடிந்ததும் இரண்டு ஏற்பாடுகள் பிறந்தன. ஒன்று நிதி. அடுத்த பஞ்சத்துக்கென்று ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவது என்று 1878இல் வைஸ்ராய் லிட்டனின் அரசு அறிவித்து, அதற்காகப் புது வரிகளும் போட்டது. வரி வந்தது. பணம் ஆப்கானிஸ்தான் போருக்குப் போயிற்று. மற்றது விதி. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையத்தின் பரிந்துரைப்படி பஞ்சச் சட்டக்கோவைகள் எழுதப்பட்டன. மழை பொய்த்தால், தானிய விலை ஏறினால், மக்கள் ஊரைவிட்டு நடக்கத் தொடங்கினால் என்னென்ன செய்ய வேண்டும், எப்போது வேலை திறக்க வேண்டும் என்று கலெக்டருக்கு அதில் எழுதியிருந்தது. அந்தக் கோவைகளில் கஞ்சத்தனம் நிறைய உண்டு. காலனி அரசிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. ஆனாலும் நிதி முதல் சோதனையிலேயே மறைந்தது, விதி பல பத்தாண்டுகள் நின்றது. 1970களின் மகாராஷ்டிர வேலை உறுதித் திட்டமும், 2005இன் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமும் அந்த வேரிலிருந்து கிளைத்தவைதான்.

2005இன் சட்டம் கொடுத்தது உரிமை. அதன் பலனை பட்ஜெட் ஏட்டிலேயே பார்க்கலாம். 2022-23இன் திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடியாக இருந்த ஒதுக்கீட்டை 2023-24 பட்ஜெட் 60,000 கோடியாக வெட்டியது. ஆனால் வேலை கேட்டு மனுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆண்டு முடிவதற்குள் திருத்திய மதிப்பீடு 86,000 கோடிக்கு வந்து நின்றது. வெட்டியவர்களே திரும்ப ஒட்டினார்கள். உப்புச் செஸ்ஸைத் திரும்ப ஒட்ட யாரும் வரவில்லை. உரிமை இருந்தாலும் தாமதம் நேர்கிறதே என்பவர்களுக்கு மறுப்பில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி நிற்கிறது என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் வேலை செய்தவர் பொங்கலுக்கும் கூலி பார்க்கவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுச் சட்டம் 100 நாளை 125 ஆக்கியிருக்கிறது. கூடவே, மாநிலத்துக்கு இவ்வளவு என்று மத்திய அரசே அளவு குறிக்கும், அதற்குமேல் ஆகும் செலவு மாநிலத்துடையது, குறித்த அளவுக்குள்ளும் பெரும்பாலான மாநிலங்கள் நாற்பது சதவீதம் தர வேண்டும் என்றும் மாற்றியிருக்கிறது. நாள் கூடியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வெட்டைத் திரும்ப ஒட்டவைத்த அந்தப் பிடி தளர்ந்திருப்பதுதான் என் கவலை.

இனித் தொண்டு நிறுவனங்களுக்கு வருவோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் தன்னார்வ அமைப்புகளுக்குக் குறைவில்லை. படகு, வலை, வீடு, மாலை நேர வகுப்பு, சுய உதவிக் குழு என்று பணம் வந்தது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான மறுகட்டுமானத்துக்கு உலக வங்கி 2005இல் ஒதுக்கியது மட்டுமே 46.5 கோடி டாலர். பேரிடர்ப் பணத்துக்கு இரண்டு குணம். கேமராவில் தெரிந்த இழப்பை நோக்கி ஓடும். உடைந்த படகு தெரியும், உப்பளத்தில் போன கூலி தெரியாது. அடுத்த பேரிடர் வேறெங்காவது நடந்ததும் அங்கே கிளம்பிவிடும். கொடுப்பவர் மனம் மாறினால் தொண்டு என்ன ஆகும் என்பதை 2025 தொடக்கத்தில் உலகமே பார்த்தது. அமெரிக்க அரசின் உதவி முகமை நடத்திய திட்டங்களில் 83 சதவீதத்தை ஆறு வார ஆய்வில் ரத்து செய்துவிட்டதாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சரே அறிவித்தார். மருந்து வாங்கிக்கொண்டிருந்த நோயாளிக்கு வழக்குப்போட ஒரு நீதிமன்றமும் இல்லை.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டைத் தனியாகப் படிக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, மரக்காணத்தில் உப்பு விளையும் பருவம். அந்த மார்ச் 28 அன்று, பிஎம் கேர்ஸ் நிதிக்குக் கொடுப்பதும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் சேரும் என்று மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்று ஏப்ரலில் விளக்கமும் தந்தது. மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் என்ற சட்டக் கணக்கு, லாபம் விழுந்த ஆண்டிலும் தொண்டுப் பணம் சட்டென்று விழாமல் காக்கக்கூடியது. அப்படித் தப்பி நின்ற பணத்தின் ஒரு பகுதி ஊர்களுக்கு வராமல் டெல்லியை நோக்கித் திரும்பியது. 2021 மார்ச் முடிய பிஎம் கேர்ஸில் எல்லா வழியிலும் சேர்ந்தது 10,990 கோடி. செலவானது 3,976 கோடி. ஏப்ரல் 6 அன்று எம்.பி. தொகுதி நிதி இரண்டு ஆண்டுக்கு நிறுத்தப்பட்டது, மொத்தம் 7,900 கோடி. செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம். வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிரக் கூடாது என்றும், நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20க்குள் வர வேண்டும் என்றும் அது சொன்னது. பெரிய அமைப்பிடமிருந்து வாங்கி ஊரில் வேலை செய்த சிறிய அமைப்புகளின் குழாய் அதோடு அடைபட்டது. மூன்றும் ஒரே ஆண்டில், கையில் காசில்லாத ஆண்டில்.

இதற்குச் சொல்லப்படும் பதில்களில் இரண்டு கவனிக்கத் தக்கவை. அரசுக்கே வருமானம் இல்லாதபோது எங்கிருந்து கொடுப்பது என்பது முதலாவது. தொகுதி நிதியை நிறுத்தி மிச்சம் பிடித்தது ஆண்டுக்கு நாலாயிரம் கோடிக்கும் குறைவு. 2020-21 மத்திய பட்ஜெட் 30 லட்சம் கோடிக்கு மேல். ஆயிரம் ரூபாய்ச் செலவில் ஒன்றரை ரூபாய்கூட மிச்சமாகவில்லை என்றே சொல்லலாம். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2019 செப்டம்பரில் நிறுவன வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாயை விடுவதாக நிதியமைச்சரே சொன்னார். தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2021 ஆகஸ்டில் மாநிலத்தின் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய்க் கடன் என்றது. உப்பளத் தொழிலாளருக்கான நிவாரணம் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். கடன் மூட்டையைத் தூக்கிக்கொண்டே ஒரு சிறு திட்டத்தைத் தொடங்க முடிந்தது என்றால், இல்லாமை என்பது பாதி மனக்கணக்கு.

இரண்டாவது பதில் தொண்டு நிறுவனங்களின் நேர்மை பற்றியது. பொய்க் கணக்கு எழுதிய அமைப்புகள் இருந்தன, இருக்கின்றன. கறாரான தணிக்கைக்கு எதிராக யாரும் வாதாட முடியாது. ஆனால் நிர்வாகச் செலவுக்குப் போட்ட 20 சதவீத வரம்பு திருடனைப் பிடிக்கும் வலை ஆகாது. பெரிய அமைப்புக்குக் கணக்காளர் சம்பளமும் அலுவலக வாடகையும் மொத்தச் செலவில் சிறு துளி. ஆண்டுக்குச் சில லட்சத்தில் நாலு கிராமத்தில் வேலை செய்யும் அமைப்புக்கு அவையே பெரும்பங்கு. வரம்பு போட்டதும் விழுவது சிறியது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் ஓர் அறக்கட்டளை வருவாயில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட வேண்டும் என்பது பொது விதி. குறிப்பிட்ட நோக்கம் காட்டினால் ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம், அவ்வளவுதான். நல்ல ஆண்டில் சேமித்துக் கெட்ட ஆண்டில் செலவிடும் வழக்கத்தையே சட்டம் சந்தேகத்தோடு பார்க்கிறது. சோழர் காலத்தில் நந்தாவிளக்குக்கு 96 ஆடு கொடுத்தவர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். ஆடு செத்தாலும் பிறந்தாலும் எண்ணிக்கை குறையாமல் காப்பது பெற்றவன் பொறுப்பு, நெய் மட்டும் நாள்தோறும் விளக்குக்கு வர வேண்டும். முதலைக் காத்து விளைவைச் செலவிடும் ஏற்பாடு அது.

பணமே இல்லை என்ற பேச்சு சாவுக்கு முன்னால் நிற்பதில்லை என்பதையும் மரக்காணம் பார்த்திருக்கிறது. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்துக் கள்ளச்சாராயம் இப்பகுதியில் 14 உயிர்களைக் குடித்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்ததைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் ஓர் இழப்பீட்டுத் தொகை 200 உப்பளக் குடும்பங்களின் மழைக்கால நிவாரணத்துக்குச் சமம் என்ற கணக்கை எழுதாமலும் இருக்க முடியவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து அளங்கள் ஏரியாயின. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று மாநிலம் அறிவித்தது. உடனடியாக 2,000 கோடி வேண்டும் என்று டெல்லியைக் கேட்டது. பேரிடர் நிதியில் வழக்கமாக வர வேண்டிய மத்தியப் பங்கு 944.80 கோடி டிசம்பரில் வந்தது. கூடுதல் உதவியாக 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது அடுத்த ஏப்ரலில். அதற்குள் அடுத்த உப்புப் பருவமே தொடங்கிவிட்டது.

உப்பின்மீது மறுபடி ஒரு தீர்வை என்றால் 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைய வரி ஏழையின் கஞ்சியில் விழுந்து அந்நிய அரசின் கஜானாவுக்குப் போயிற்று. இன்று நாட்டில் விளையும் உப்பில் நாம் தின்பது சிறுபகுதி. பெரும்பகுதி காஸ்டிக் சோடா, சோடா ஆஷ் ஆலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. சமையல் உப்பை அடியோடு விட்டுவிட்டு ஆலைக்கும் கப்பலுக்கும் போகும் உப்பில் மட்டும் கிலோவுக்குப் பத்துப் பைசா வைக்கலாம். ஆலை அந்தச் சுமையை விலை குறைப்பாக உப்பளக்காரர் தலையில் தள்ளிவிடாதா என்றால், சிறு உற்பத்தியாளர் விஷயத்தில் அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் அளத்தில் வசூலிக்காமல் வாங்கும் ஆலையின் வாசலில் வசூலிக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் அதைச் செய்யக்கூடியது டெல்லி மட்டுமே. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் உப்பு மத்தியப் பட்டியலில், 58ஆவது இனத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டியில் உப்புக்கு வரி இல்லை, அதன்மேல் தனி வரி போட மாநிலத்துக்கு வழியும் இல்லை. மரக்காணத்து அளங்களில் ஒரு பகுதி மத்திய அரசின் நிலம். அதன் வாடகை போவதும் அங்கேதான். மழையில் வேலை இழந்தவர் வந்து நிற்பதோ மாநிலத்தின் வாசலில். உப்பில் வசூலிக்கும் அதிகாரம் ஓரிடம், அதில் உழைப்பவரைக் காக்கும் கடமை ஓரிடம் என்ற இந்தக் கோணல் ஒரு பட்ஜெட்டில் நிமிராது.

மாநிலம் தன் கையில் உள்ளதைச் செய்யலாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. மழைக்கால நிவாரணத்தை ஆண்டுதோறும் வரும் அறிவிப்பிலிருந்து எடுத்துச் சட்டத்தில் வைக்க வேண்டும். 5,000 என்ற எண்ணை எழுதாமல், அந்த ஆண்டின் ஊரக வேலைக் கூலியில் முப்பது நாள் என்று எழுத வேண்டும்; கூலி ஏறினால் நிவாரணம் தானாக ஏறும். 2025-26இன் கூலிப்படி அது 10,080 ரூபாய். எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் யாரிடம் முறையிடலாம் என்பது அடுத்த இரண்டு வரி. மாநிலம் முழுவதற்கும் 20,000 குடும்பம் என்று அதிகமாகவே வைத்தாலும் ஆண்டுக்கு 20 கோடி ரூபாய்தான் ஆகும். போலிப் பெயர்கள் நுழையும் என்று வருவாய்த் துறை சொல்லும். நுழையத்தான் செய்யும், பட்டியல் சரியாக இல்லாவிட்டால். குத்தகைதாரர் கொடுக்கும் பெயர்களை வைத்துப் பட்டியல் போட்டால் யார் விடுபடுவார்கள், ஒரு பருவம் அளத்திலும் மறு பருவம் வயலிலும் கூலிக்குப் போகும் பெண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)